மலை சைக்கிள் காந்தி மார்க்கெட்டுக்கு வந்த கதை

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு அதிகாலையில் வரும் சைக்கிள்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பழைய கறுப்பு சைக்கிள்கள்தான். அவற்றுக்கு நடுவே வேறொரு ஜாதி சைக்கிளும் நிற்கும். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், சிவப்பும் மஞ்சளுமாக ஸ்டிக்கர். கம்பெனிக்காரன் கேரியர் கொடுத்திருக்க மாட்டான். சைக்கிள் கடையில் தனியாகக் கேரியர் வாங்கி மாட்டி, அதில் கீரைக்கட்டோ வாழை இலைக்கட்டோ வைத்து ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஃபிரேமில் 'எம்டிபி' என்று எழுதியிருக்கும். மவுண்டன் பைக். அதாவது மலை சைக்கிள்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே மலை மலைக்கோட்டை. உயரம் 83 மீட்டர். அதிலும் படிக்கட்டுதான் :-)

மலையே ஏறாத இந்த மலை சைக்கிள் நம்ம ஊருக்கு எப்படி வந்தது? இது பிறந்த இடம் எது? அங்கே காட்டுப் பாதைகளைப் பச்சை, நீலம், கறுப்பு என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்களே, அது ஏன்? நமக்கு ஏன் அது இல்லை? இந்த நான்கு கேள்விகளும் ஒரே கதையின் பாகங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

பேப்பர் போட்ட சைக்கிள்

அமெரிக்காவில் 1930களில் பெரிய பொருளாதார வீழ்ச்சி. சைக்கிள் வாங்க ஆளில்லை. அப்போது சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 1933ல் ஒரு காரியம் செய்தது. மெல்லிய டயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2.125 இன்ச் தடிமனுள்ள 'பலூன் டயர்' மாட்டி விற்றது. கனமான சைக்கிள், ஆனால் பள்ளம் மேடு எதுவும் தாங்கும். வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன்களும் கடைப்பையன்களும் இதில்தான் சுற்றினார்கள். நம்ம ஊர் பால்கார சைக்கிளுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருஷம் கழித்து இந்தச் சைக்கிள்கள் பழைய இரும்புக் கடைகளில் கிடந்தன. கலிஃபோர்னியாவில் மாரின் கவுண்டி என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கிருந்த சில இளைஞர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, தேவையில்லாத தகரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மலை மேலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட சைக்கிளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிளங்கர்'. ஓட்டை வண்டி என்று அர்த்தம் கொள்ளலாம்.

அவர்கள் இறங்கிய பாதைகளில் புகழ்பெற்றது கேஸ்கேட் கேன்யன் தீத்தடுப்புச் சாலை. காட்டில் தீப்பிடித்தால் வண்டிகள் போவதற்காகப் போடப்பட்ட மண் சாலை அது. சுமார் மூன்றே கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒருமுறை கீழே வருவதற்குள் பின்சக்கர ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். மறுபடி அடைப்பது ஆங்கிலத்தில் 'ரீபேக்'. சாலைக்கு அதுவே பெயராகிவிட்டது.

1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. ஆலன் பாண்ட்ஸ் என்பவர் ஜெயித்தார். காரணம், விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்!

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜோ பிரீஸ் 1977ல் இதற்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979ல் 'மவுண்டன்பைக்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்தார்கள். ஃபிரேம் செய்து கொடுத்தவர் டாம் ரிட்சி. 1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்து வாங்கி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற 15 கியர் சைக்கிளைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது. 1990ல் கொலராடோவின் டுராங்கோவில் உலக சாம்பியன்ஷிப். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் இது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒலிம்பிக்ஸ் வரை 20 வருஷம்தான்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே உழைக்கிற சைக்கிள் மலைக்குப் போய் விளையாட்டு சைக்கிள் ஆனது. இங்கே விளையாட்டு சைக்கிள் மார்க்கெட்டுக்கு வந்து உழைக்கிற சைக்கிள் ஆனது. கீரைக்கட்டு சுமக்கும் எம்டிபியின் 26 இன்ச் தடித்த டயர், அந்தப் பேப்பர் பையனின் பலூன் டயருக்கு நேர் வாரிசு. ஒரு வகையில் அது தன் பழைய வேலைக்கே திரும்பியிருக்கிறது.

சண்டையில் பிறந்த வண்ணங்கள்

சைக்கிள்காரர்கள் மலையில் பெருகியதும் சண்டையும் வந்தது. பாதையில் நடப்பவர்கள் பயந்தார்கள். குதிரையில் வருபவர்களின் குதிரை மிரண்டது. டயர் போன தடத்தில் மழைநீர் ஓடி மண் அரித்தது. 1980களில் மாரின் பகுதியிலேயே குறுகலான பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை வந்தது, வேகக் கட்டுப்பாடும் வந்தது. அமெரிக்காவில் 'வனாந்தரம்' என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட காடுகளில் 1984லிருந்து சைக்கிளே கூடாது என்று விதி தெளிவாக்கப்பட்டது. பிறந்த வீட்டிலேயே கதவு சாத்தப்பட்டது என்று சொல்லலாம்.

அப்போதுதான் 1988ல் கலிஃபோர்னியாவில் சில சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து 'இம்பா' என்ற சர்வதேச மலை சைக்கிள் சங்கத்தை உருவாக்கின. அவர்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதை வெட்டினார்கள், அரித்த இடத்தைச் சரி செய்தார்கள். வனத்துறையோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் பாதைக்குத் தரம் போடும் முறை. பனிச்சறுக்கு மைதானங்களில் ஏற்கெனவே இருந்த வண்ணக் குறிகளை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கு சுவாரசியமானது. பச்சை வட்டம் என்றால் எளிது. பாதை சுமார் 90 செ.மீ. அகலம், சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள், தவிர்க்க முடியாத கல்லோ வேரோ 5 செ.மீ. உயரத்துக்குள். நீலச் சதுரம் என்றால் நடுத்தரம். அகலம் 60 செ.மீ., சரிவு 10 சதவீதத்துக்குள், தடை 20 செ.மீ. வரை. கறுப்பு வைரம் என்றால் கடினம். அகலம் 30 செ.மீ.தான், சரிவு 15 சதவீதம் வரை, தடை 38 செ.மீ. வரை. அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கல் குறுக்கே இருக்கும், நீ தாண்டித்தான் ஆக வேண்டும். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு படி. அங்கே இதற்கு முன்னோடி வேல்ஸில் உள்ள கோய்ட் எ பிரெனின் காடு. 1990களில் அங்கே சைக்கிளுக்கென்றே பாதைகள் வெட்டினார்கள். மரம் வெட்டும் காடாக இருந்த இடம், ஊருக்கு வருமானம் தரும் இடமாகவும் ஆனது.

5 சதவீதம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 100 மீட்டர் போனால் 5 மீட்டர் ஏறும். அவ்வளவுதான்.

இந்தத் தரம் ஓட்டுபவருக்கு மட்டுமான எச்சரிக்கை என்று நினைக்கலாம். அது பாதி உண்மை. சரிவு அதிகமானால் பாதை வாய்க்காலாகிவிடும். மழைநீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போக வேண்டும். அதனால்தான் பாதையின் சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மலைச்சரிவின் பாதிக்கு மேலும் இருக்கக்கூடாது என்று பாதை வெட்டுபவர்கள் பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, தரம் பிரிப்பது ஓட்டுபவன், நடப்பவன், காடு என்ற மூன்று பேருக்கும் இடையில் எழுதப்பட்ட சமாதான ஒப்பந்தம். இந்தப் பாதையில் யார் வரலாம், எவ்வளவு வேகத்தில் வரலாம், யார் பராமரிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சின்ன வண்ணப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது.

நமக்கு வந்தது பாதிப் பொருள்

இனி நம்ம கதைக்கு வருவோம். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்தது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. லூதியானாவில் ஹீரோ 1956ல் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. அப்போதெல்லாம் சைக்கிள் என்றால் ஒரே வடிவம்தான். கறுப்பு, கனம், பின்னால் கேரியர், பக்கத்தில் ஸ்டாண்டு. அரிசி மூட்டையும் ஏறும், குடும்பமும் ஏறும்.

1990களில் இளைஞர்கள் டிவிஎஸ் 50க்கும் பைக்குக்கும் மாற ஆரம்பித்ததும் கம்பெனிகளுக்குப் பள்ளி மாணவர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள். அவர்களுக்குக் கறுப்பு சைக்கிள் பிடிக்குமா? ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்டிபி என்று தடித்த டயர் சைக்கிள்கள் தெருவெங்கும் ஓடின. வகுப்பில் ஒருத்தன் ரேஞ்சர் வைத்திருந்தால் அவன்தான் ஹீரோ. ஆனால் விற்றது தோற்றம். பல மாடல்களில் கியர் கிடையாது. எடையும் கறுப்பு சைக்கிளுக்கு ஒன்றும் குறைவில்லை. அதை வைத்து உண்மையான மலை ஏறச் சொன்னால் நாம் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பொருளாதாரப் பாடத்தில் 'நிரப்புப் பண்டங்கள்' என்று ஒன்று படித்திருப்போம். பேனாவும் மையும், காரும் பெட்ரோலும். ஒன்று இல்லாமல் மற்றொன்று பயனில்லை. மலை சைக்கிளுக்கு நிரப்புப் பண்டம் பாதை. நமக்குச் சைக்கிள் வந்தது, பாதை வரவில்லை. பாதி மட்டும் கிடைத்த பொருளை நம்ம ஜனங்கள் வீணாக்கவில்லை. கேரியர் மாட்டி மார்க்கெட்டுக்கு ஓட்டினார்கள். 1868ல் ஆரம்பித்து, 1927ல் விரிவாக்கப்பட்டு காந்தியின் பெயர் வைக்கப்பட்ட அந்த மார்க்கெட் எத்தனையோ வண்டிகளைப் பார்த்தாகிவிட்டது. இதையும் சேர்த்துக்கொண்டது.

இரண்டு பாதியும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1974 வரை ஒரு பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்த புதுக்கோட்டை. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதில் சேர்த்தார். கிராமத்துப் பெண்களுக்கு மைதானங்களில் தொண்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டியவர்களும் உண்டு. பின்னாளில் தமிழக அரசு 2001ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்து 2005ல் எல்லோருக்கும் விரித்த இலவச சைக்கிள் திட்டம் நமக்கெல்லாம் தெரியும். புதுக்கோட்டையில் சைக்கிள் மட்டும் கொடுத்திருந்தால் அது திண்ணையில் நின்றிருக்கும். ஓட்டப் பழக ஒரு இடமும், பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் சேர்ந்து கிடைத்ததால்தான் அது இயக்கமானது.

காட்டுக் கதவும் ஒரு தீயும்

சரி, நம்ம காட்டுப் பாதைகள் ஏன் திறக்கவில்லை?

நம்ம காட்டுச் சட்டத்தின் வேர் 1882ம் வருஷத்து மதராஸ் வனச் சட்டம். வெள்ளைக்காரர்களுக்குத் தேவைப்பட்டது மரம். அதற்காகக் காடுகளை 'காப்புக் காடு' என்று அறிவித்து, அனுமதியில்லாமல் நுழைவதைக் குற்றமாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே நடந்தவர்களே அந்நியர் ஆனார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இது மரத்துக்காக இல்லை, உயிர்களுக்காக. யானையும் புலியும் இருக்கும் காட்டில் கண்டபடி ஆள் நுழையக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு சட்டத்துக்கும் பொதுவாக ஒரு குறை. 'வராதே' என்று சொல்லத் தெரிந்தது. 'இப்படி வா' என்று சொல்ல ஏற்பாடு இல்லை.

ஏற்பாடு இல்லாவிட்டால் ஜனங்கள் போகாமல் இருப்பார்களா? போனார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நம் வயதை ஒட்டியவர்கள்.

அந்தக் குரங்கணிக்கே ஒரு வரலாறு உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் இந்தப் பக்கம்தான் இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போனது. மனிதர் நடமாட்டம் பழகிய மலைதான் அது. ஆனால் எந்தப் பாதை எவ்வளவு கடினம், எந்த மாதம் புல் காய்ந்து தீக்குத் தயாராக இருக்கும், தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைப் புதிதாக வருபவனுக்குச் சொல்லும் பலகை அங்கே இல்லை.

யோசித்துப் பாருங்கள். மலை சைக்கிள் பிறந்தது ஒரு தீத்தடுப்புச் சாலையில். நம்ம காட்டுப் பாதைகளுக்குத் தரம் பிரிக்கும் எண்ணம் வந்தது ஒரு தீக்குப் பிறகு.

ஆமாம், வந்தது. 2018லேயே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் ஆரம்பமானது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம். ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. வழிகாட்டிகளில் பலர் பழங்குடி மக்கள். 1882ல் அந்நியர் ஆக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது சம்பளத்துக்கு வழி காட்டுகிறார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும். தமிழ்நாட்டில் காட்டுக்கு எழுதப்பட்ட முதல் பெரிய சமாதான ஒப்பந்தம் என்று இதைத்தான் நான் சொல்வேன். ஆனால் இது நடப்பவர்களுக்கு. சைக்கிளுக்கு இல்லை.

சைக்கிளுக்கு நம்மால் முடியாது என்பதும் இல்லை. இமாச்சலத்தில் 2005 முதல் மலை சைக்கிள் பந்தயம் நடத்திப் பழகியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பே நடந்தது. அதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதே மழை, அதே மண்.

அதுவரை நாம்?

திருச்சியிலிருந்து ஆரம்பிக்க நினைப்பவர்கள் இந்த வரலாற்றையே வரிசையாக எடுத்துக்கொள்ளலாம். பச்சை வட்டம் நமக்குக் காவிரிக் கரைதான். முக்கொம்பு பக்கமும் கல்லணை பக்கமும் ஆற்றை ஒட்டிப் போகும் மண்ணும் சரளையும் கலந்த பொதுப் பாதைகளில் மேடு அவ்வளவாக இல்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் மண்ணில் பிடிப்பு எப்படி மாறுகிறது என்று தெரியும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்கப் பழகலாம். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் என்ன ஆகும் என்பதை மணலில் கற்றுக்கொள்வது நல்லது, தார்ச்சாலையில் வேண்டாம்.

அடுத்தது துறையூர் தாண்டிப் பச்சமலைக்கு ஏறும் ஊர்ச்சாலை. பொதுச்சாலை என்பதால் அனுமதிப் பிரச்சினை இல்லை. கியர் இல்லாத சைக்கிள் இங்கே உதவாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ரிம் பிரேக் சூடாகும், இடையிடையே நின்று ஆறவிட வேண்டும். ரீபேக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் கண்டிப்பாக. சாலையை விட்டுக் காப்புக் காட்டுக்குள் சைக்கிளைத் திருப்ப வேண்டாம். அபராதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாம் ஒருவர் திருட்டுத்தனமாகப் போய் விபத்தில் சிக்கினால், பின்னால் வரப்போகும் நூறு பேருக்குக் கதவு மறுபடி சாத்தப்படும். மாரினில் நடந்தது அதுதான்.

நாம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 40 நடைபாதைகளுக்குத் தரம் போட்ட அரசு, யானைத்தடம் இல்லாத, ஏற்கெனவே ஜீப் போகும் நான்கைந்து காட்டுச் சாலைகளுக்கு சைக்கிளுக்கும் ஒரு தரம் போடலாம். மழை அரித்தால் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வர நாம் தயாராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா?

அப்படி ஒரு பாதை வந்தால் அதில் முதலில் ஓட்டப்போவது லட்ச ரூபாய் சைக்கிள்காரர்கள் மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் ரேஞ்சரும் எம்டிபியும் நிற்கின்றன. கேரியரைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். நல்ல பிரேக்கும், முடிந்தால் ஒரு கியரும் மாட்டினால் பச்சை வட்டப் பாதைக்கு அது தயார். முப்பது வருஷமாகச் சைக்கிள் இங்கே காத்திருக்கிறது. வரவேண்டியது பாதைதான்.